நெஞ்சளவுச் சுவர்

1
இது முதலில் கதையே இல்லை. பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலருக்குக் கட்டடத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார் ஃபாதர். "நீங்கதான் எழுதுறவராச்சே" என்றார். வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டேன். மணிக்கோபுரத்தையும் எழுத வேண்டியிருக்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே வெள்ளையடிக்கப் போன என் அத்தான், அக்காவின் கணவர், விழுந்து இறந்து இரண்டு வருடமாகிறது.

(கதை என்று சொல்லிவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

2
'வானளாவ எழுந்து நிற்கும்...' வேண்டாம். எல்லா மலரிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

'சிலுவை வடிவக் கோயில். சுண்ணாம்புக் காரைத் தூண்கள், கூர்வளைவு ஜன்னல்கள். மணிக்கோபுரம் பிறகு சேர்த்தது. கட்டிய குருவானவர் பயந்த சுபாவம். மணியடிப்பவர் தவறி விழக்கூடாதென்று மேல்தளத்தைப் பள்ளமாக்கி, சுற்றிலும் நெஞ்சளவுக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தார். கீழிருந்து பார்த்தால் சுவர் குட்டையாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து யாரும் தவறி...'

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அத்தான் அன்று சுவரின் உட்பக்கம்தான் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கால் வழுக்கிவிட்டது என்று ஊரே நம்புகிறது.

3
அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். தையல் மிஷினை நிறுத்தினாள்.

"நெஞ்சளவா?"

"ஆமாக்கா. ஏறிப் பாத்துட்டுதான் வந்தேன்."

"இடுப்பளவுன்னு போடேன்."

"அக்கா..."

"கதையில எவ்வளவு பொய் எழுதுற? எனக்காக ஒரு சுவரக் கொறைக்கக் கூடாதாடா?" நூலை வெடுக்கென்று அறுத்தாள். "அன்னைக்கு அவர் சாப்பாடு எடுத்துட்டுப் போகல. வேணாம்னுட்டார். மறந்துட்டுப் போனார்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பாப்பா இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கிறாடா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை.

4
ஒரு முடிவு: இடுப்பளவு என்று எழுதுகிறேன். அக்கா மகள் பாப்பா நிம்மதியாக வளர்கிறாள். [ஒருநாள் அவளே மேலே ஏறினால் சுவர் அவள் நெஞ்சில் முட்டும்.]

இன்னொன்று: மணிக்கோபுரமே இல்லாத கோயில். [மணியை எங்கே தொங்கவிட்டீர்கள் என்று ஃபாதர் கேட்பார்.]

மூன்றாவது: உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு அக்கா முகத்தில் நான் எப்படி...

5
அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறார். 'கைப்பிடிச் சுவர் ........ உயரம்' என்று இடம் விட்டிருக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் நிரப்புங்கள். அத்தானை நீங்கள் பார்த்ததில்லை, உங்களுக்கு அது வெறும் அளவு. என்ன எழுதினாலும் சரி, பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே அதை வாசித்துக் காட்டுங்கள்.