ஏழு மணிக்குச் சங்கவி

ஆறு பத்துக்கு எழுகிறேன். இரண்டு பக்கெட் தண்ணீர் பிடிக்கிறேன். கேளம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஆறரைக்கு மேல் குழாயை நம்ப முடியாது. பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைக்கிறேன். பொங்கும் வரை அங்கேயே நிற்கிறேன். காபி. சட்டை. ஏழு மணிக்குப் போன் அடிக்கிறது.

"வணக்கங்க, நான் சங்கவி பேசறேன். இன்னிக்கு மனசு எப்டி கீது? நல்லா கீதுன்னா ஒண்ணு அமுக்குங்க. சுமாரா கீதுன்னா ரெண்டு. செரியில்லன்னா மூணு. அவசரமில்ல, யோசிச்சி அமுக்குங்க."

இரண்டை அமுக்குகிறேன்.

"செரி, நாளைக்குப் பேசலாம்."

வண்டிச் சாவியை எடுக்கிறேன்.

சங்கவி என் மனைவி. இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மீன் விற்கும் பெண்களின் மனநிலை கெடுவதை, தினம் ஒரு நிமிடப் போன் அழைப்பால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது எங்கள் ஆய்வு. நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். வீட்டில் இருக்கும் நல்ல போன் பிள்ளைகள் கையில் இருக்கும். அம்மாக்களிடம் பட்டன் போன். அதனால் செயலி வேண்டாம், அழைப்பு போதும் என்று முடிவு செய்தோம். மென்பொருள் என்னுடையது.

முதலில் சென்னையிலிருந்து ஒரு அறிவிப்பாளர் வந்து குரல் கொடுத்தார். "தங்களது இன்றைய மனநிலையைத் தெரிவிக்கவும்." முதல் நாளே அந்தப் பெண்களில் ஒருவரான சம்பூர்ணம், "ரீசார்ஜெல்லாம் பண்ணியாச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சங்கவியின் பெரியம்மா.

சங்கவி அவர் இருக்கும் மீனவக் குப்பத்திலேயே பிறந்தவள். சமூகப்பணி படித்துவிட்டு எங்கள் ஆய்வில் களப்பணியாளராக இருந்தாள். எங்கள் வீட்டு பீரோவுக்குள் தலையை விட்டு, முதுகில் போர்வை போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பப் பதிவு செய்தாள். அதற்குப் பிறகு யாரும் வைக்கவில்லை. சில பேர் எண்ணை அமுக்காமல் அவளோடு பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் மூன்று மாதம் எல்லாரும் இரண்டையே அமுக்கினார்கள். வரைபடம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி இருந்தது. ஆய்வின் தலைவர் டாக்டர் லக்ஷ்மிநாராயணன், மென்பொருளில் கோளாறு என்றார். இரண்டு வாரம் தேடினேன். சங்கவி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏழு மணிக்கு படகு எங்க கீது? கடல்ல. அது கரைக்கு வர்றதுக்கு முன்னாடி எவளாவது நல்லா கீறேன்னு சொல்லுவாளா? செரியில்லன்னுதான் சொல்லுவாளா? உங்களுக்கு படிப்பு மட்டும்தான் கீதுப்பா."

அழைப்பைப் பதினொரு மணிக்கு மாற்றினோம். கோடு உயிர் பெற்று மேலும் கீழும் ஆடியது. மூன்று அமுக்கியவர்களுக்குப் பத்து நிமிடத்துக்குள் ஒரு ஆள் கூப்பிடுவார். அது எங்கள் விதி. என் எண் மட்டும் ஏழு மணியிலேயே நின்றது. அது சோதனை எண். யாரும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

அடுத்த மாதம் ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. புதுக் கேள்விகள். டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு கையெழுத்துதான் ஹேமந்த். பழைய பதிவுலேர்ந்து மெஷின் குரலைக் கத்துக்கும். எந்தக் கேள்வியா இருந்தாலும் சங்கவியே கேக்கற மாதிரி இருக்கும்."

"போடலைன்னா சார்?"

"வேற குரல். முப்பத்தொண்ணாம் தேதியோட பழைய அழைப்பு எல்லாம் நின்னுடும்." மேசையைப் பார்த்தபடி, "ஏழு மணியும்" என்றார்.

அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்று மதியம் திவ்யா ஒரு ஒலித்துண்டு அனுப்பினாள். சங்கவியின் இடத்தில் இப்போது களப்பணி பார்ப்பவள், திருப்போரூர்க்காரி. "மாதிரிக்கு மெஷின்ல நானே பண்ணேன் ண்ணா. தப்பா எடுத்துக்காத." திறந்தேன்.

"ஹேமந்த், நான் எங்கயும் போகல. நீ நல்லா இருக்கணும்."

குரல் அச்சு அசல். 'ஹே' என்று சொல்லும்போது வரும் மூச்சு உட்பட. நான்கு முறை கேட்டேன். தொழில்நுட்பம் நன்றாக இருக்கிறது என்று திவ்யாவுக்குப் பதில் போட்டேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு யாரும் கூப்பிடாத வீட்டில் காபி குடித்துப் பார்த்ததில்லை.

டாக்டர், முதலில் குப்பத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றார். நானும் திவ்யாவும் என் வண்டியில் ஈசிஆர் சாலையில் போனோம். ஏலம் முடிந்திருந்தது. மணலில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வச்சலா சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் குப்பத்தில் அவர் வாய்க்கு நாய்கூட ஒதுங்கிப் போகும்.

"வா மாப்ள. இன்னா, ஒட்டடக் கொம்பு மாதிரி ஆயிட்ட. துன்றியா இல்லியா?"

"சாப்பிடறேன்க்கா."

"இந்தப் பொண்ணு யாரு, உனுக்கு காவலா?"

"நான் திவ்யாக்கா. போன வாரந்தான என்னிய திட்டுன."

"நான் எத்தினி பேர திட்றேன். மொகம்லாம் ஞாபகம் வெச்சிக்க முடியுமா?"

புதிய அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டேன். காலை ஆறு மணிக்கு வரப்போகும் அழைப்பு. கடலில் ஆள் இருக்கும் நேரத்துப் பதற்றத்தை அளப்பது நோக்கம்.

"வணக்கங்க, நான் சங்கவி பேசறேன்."

சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவளேதான்" என்றார்.

"உங்க வூட்லேர்ந்து யாராவது கடலுக்குப் போயி கீறாங்களா? போயிருந்தா ஒண்ணு அமுக்குங்க. எத்தினி மணிக்குத் திரும்பி வருவாங்க? எட்டு மணிக்குள்ளன்னா..."

"நிறுத்து அந்த போன" என்றார் வச்சலா. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நிறுத்தினேன். ஒருவர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ள, இது சங்கவி இல்ல."

"குரல் அவளோடதுதான்க்கா."

"கொரல யாரு கேட்டா? கடலுக்குப் போனவன எப்ப வருவான்னு எங்க வூட்டு பொண்ணு வாயத் தொறந்து கேக்குமா? ரெண்டாங்கிளாசு படிக்கசொல்லோ அவ அப்பன் வலையத் தூக்கிகினு எதுர்ல வந்தா, எங்க போறன்னு கூட கேக்காது. மணலப் பாத்துகினு போவும். கேட்டா போனவன் வரமாட்டான்." கையைத் துடைத்தார். "எவன் எழுதனான் இந்தக் கேள்விய?"

"நான்தான்."

வச்சலா மறுபடி கத்தியை எடுத்தார். பிறகு சம்பூர்ணம் மெதுவாகச் சொன்னார். "மூணு வருசம் எங்க பொண்ணோட குடும்பம் பண்ணிகீற. வூட்ல பேச்சு கீச்சு உண்டா மாப்ள, இல்ல ரெண்டு பேரும் போனத்தான் பாத்துகினு இருந்தீங்களா?"

"அது பேசும் அத்தை. நான்தான் போனப் பாத்துகினு இருந்தேன்."

வச்சலாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். திவ்யா சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிளம்பும்போது அரைக் கிலோ சங்கராவைச் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது என்றேன். வறுக்கத் தெரியாதா என்றார் வச்சலா.

அந்தக் கேள்வியை எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதை அவள் வாயில் வைக்க அதுகூட ஆகவில்லை. கேட்டபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னும் எத்தனை கேள்விகளை அப்படி வைத்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே கோவளம் தாண்டி வந்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த திவ்யா, டீக்கடையில் நிறுத்தச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. திவ்யா அனுப்பிய துண்டை அழித்தேன். கேள்வியை நீக்கி, அழைப்பைப் பழையபடி பதினொரு மணிக்கே வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, "ஏழு மணி நின்னுடும்" என்றார். "தெரியும் சார்" என்றேன்.

புதுக் குரல் வச்சலாவுடையது. குப்பத்தில் சத்தமில்லாத இடம் கிடைக்காததால் டாக்டரின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தோம். "இன்னா, ஒயுங்கா தூங்கனியா? தூங்கனா ஒண்ணு அமுக்கு. சும்மா ரெண்டு ரெண்டுன்னு அமுக்காத, எனுக்கு தெரியும்." கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பெண்கள் அது வேண்டும் என்றார்கள். காரில் ஒரு வாரம் மீன் வாடை போகவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி ஆறு பத்துக்கு எழுந்தேன். தண்ணீர். பால். காபி. ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அவசரமில்ல, யோசிச்சி அமுக்குங்க."

யோசித்தேன். மூன்றை அமுக்கினேன்.

"செரிங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு ஆளு உங்களாண்ட பேசுவாங்க. போன பக்கத்துலயே வெச்சிக்கோங்க. ஒண்ணும் பயப்படாதீங்க."

மூன்றுக்கு அவள் என்ன பதில் பதிவு செய்திருந்தாள் என்பதை மறந்தே போயிருந்தேன். அவளே எழுதி, பீரோவுக்குள் அவளே சொன்னது.

ஏழு நான்குக்குத் திவ்யா கூப்பிட்டாள்.

"ண்ணா, சோதனை எண்ணுலேர்ந்து மூணு வந்துகீது. சிஸ்டம் தப்பா, இல்ல நீயே அமுக்கனியா?"

"நான்தான்."

"செரி. வரேன்."

"டூட்டி பதினோரு மணிக்குத்தான?"

"பத்து நிமிசத்துக்குள்ள ஆளு பேசணும்னு விதி போட்டது நீதான? நாஸ்தா ஆச்சா?"

"இல்ல."

எட்டு மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு வந்தாள். தட்டு எங்கே என்று அவளே தேடி எடுத்தாள். அடுப்பைப் பார்த்தாள். பர்னரைச் சுற்றிக் கருகிய வட்டம் ஒன்று இருக்கிறது.

"தேய்க்க மாட்டியா?"

"அது அன்னிக்குப் பொங்கினது."

திவ்யா உட்கார்ந்தாள். சங்கவி அன்று மாமல்லபுரத்தில் கணக்கெடுப்பில் இருந்தபோது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. இதெல்லாம் திவ்யாவுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு பண்ணி அனுப்பனேன்ல, நீ நல்லா இருக்கணும்னு. அக்கா அப்டி பேசுவாங்களா?"

"மாட்டா."

"கடைசியா உன்னாண்ட இன்னா சொன்னாங்க?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று காலை நான் போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் நிமிரவில்லை. கதவைச் சாத்தும் முன் சொன்னாள்:

"பால் அடுப்புல கீது. போனையே பாத்துகினு நிக்காத."