துறை தேர்ந்த ஆள்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் எதையும் கண்டுபிடிக்கவில்லை; மற்றதெல்லாம் ஒட்டுவேலை. மாட்டுங்கா பேட்டன்ட் வக்கீல் வேங்கடசுப்ரமணியன் இதைக் கோயிலில் சத்தியம் செய்கிற முகத்தோடு சொல்வார். அந்த முகத்துக்காகவே கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன.

இம்முறை வந்தது துப்புரவுச் சாமான் கம்பெனி. தாராவி தனசீலன் சாக்கடை அள்ளும் கருவிக்குப் பேட்டன்ட் கேட்டிருந்தார்; அதைத் தடுக்க வேண்டும். நீளக் குழாய், நுனியில் இரும்பு விரல்கள், மேலே சைக்கிள் பிரேக். பிரேக்கை அழுத்தினால் கீழே விரல்கள் மூடி அடைப்பைக் கவ்வும். யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம். அவர் தம்பி டேனி இறங்கியிருந்தான்; விஷவாயு தாக்கி, கயிறு கட்டி உடலைத்தான் வெளியே எடுத்தார்கள். கருவி அதற்குப் பிறகு செய்தது. பேட்டன்ட் கிடைக்காவிட்டால் கம்பெனி தனசீலனைக் கேட்காமலே அதைச் செய்து விற்கும்.

பேட்டன்ட் ஆபீஸ் விசாரணையில் வேங்கடசுப்ரமணியன் சுருக்கமாக முடித்தார். பிரேக்கும் பழசு, இடுக்கியும் பழசு. சேர்த்துவைப்பது துறை தேர்ந்த எவருக்கும் சட்டென்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்குச் சட்டம் பேட்டன்ட் தராது.

"அடைச்சுண்டா கையை விடறவன் முட்டாள் சார். பக்கத்துல ஒரு கம்பு கெடந்தா மிச்சம் தன்னால தோணிடும்."

தனசீலன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. துறை தேர்ந்தவர் என்றால் யார் என்று மட்டும் கேட்டார். அந்த வேலையை நன்றாக அறிந்த, சராசரித் திறமையுள்ள ஓர் ஆள் என்று அதிகாரி விளக்கினார்.

"அப்போ எங்க டேனிதான சார் அந்த ஆளு? சின்ன வயசுலேருந்து இதே சோலிதான். அவனுக்குத் தோணலியே."

சட்டம் சொல்வது கற்பனை ஆளை என்று வேங்கடசுப்ரமணியன் பொறுமையாகத் திருத்தினார். "தோணலேன்னா, அவன் துறை தேர்ந்தவன் இல்லேன்னு அர்த்தம்."

தனசீலன் கருவியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விண்ணப்பம் தள்ளுபடியானது. கம்பெனி விக்ரோலியில் அச்சு வார்க்கத் தொடங்கியது. பெட்டிமேல் என்ன போடலாம் என்று வேங்கடசுப்ரமணியனிடமே கேட்டார்கள். 'புத்தம் புதிய கண்டுபிடிப்பு' என்று போடச் சொன்னார்.

கருவி கடைகளுக்கு வருவதற்குள் மழை வந்துவிட்டது. வாசல் சாக்கடை அடைத்து, வக்கீலின் தரைத்தள வீட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் ஏறியது. ஆள் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்றாள் மனைவி ருக்கு. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். குடை இருந்தது, ஒட்டடைக் கம்பு இருந்தது, சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

பிறகு ஈரத்தரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார்.