தண்ணீருக்குள் போட்ட கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து எனக்குக் கிடைத்தது. சொன்னவள் பத்தாவது படிக்கும் பெண். நம்பியவள் என் தங்கை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். என்னைத் தெரிந்தவர்கள் இந்த மூன்றாவதைத்தான் நம்பமாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், நான் எதை எழுதினாலும் முதலில் வாசிப்பவள் என் தங்கை. அவள் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு. ஆகவே இதை எழுதுவதும் அவளிடம் போட்டு உடைப்பதும் ஒன்றுதான். எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

முதல் ஆரம்பம்: "பவளப்பாறை என்பது கடலுக்கடியில் ஒரு"

ஒரு என்ன? எனக்கு நீச்சல் தெரியாது. படகை விட்டு இறங்கவேயில்லை. காலிஃபிளவர் தோட்டத்துக்கு மேலே பறந்த மாதிரி இருந்தது என்று தங்கை சொன்னாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மூச்சுக்குழாயை வாயில் கவ்வியபடி அவள்"

மருத்துவக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ஸ்நார்கல் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

பேசாமல் ஆட்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். முன்னால் கடை, பின்னால் லென்ஸ் தேய்க்கும் சின்ன அறை. சுழலும் சக்கரத்தில் லென்ஸைப் பிடித்திருக்கும்போது யாரும் அவளைத் தொடக்கூடாது. கை பிசகினால் லென்ஸ் போச்சு. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது.

கல்யாணமே வேண்டாம் என்று திரிந்தவள், கடையில் ஏ.சி. ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். தங்கமான மாப்பிள்ளை. அவருடைய முதல் மனைவி இறந்துவிட்டார். அவருக்குப் பிறந்த மகள்தான் அந்தப் பத்தாவது படிக்கும் பெண். நான் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. வாயே திறக்கமாட்டாள் என்பதால்.

என்னை முதல் நாளே பெரியம்மா என்றாள். என் தங்கையை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று இன்னொருத்தியை அழைத்துப் பழகிய வாய். சித்தி என்றால் இவள் முகம் வாடிவிடுமோ என்று பயந்திருக்கலாம். எதற்கு வம்பு என்று எதிரில் வந்து நிற்பாள். திரும்பி நின்றால் தோளைத் தொடுவாள். முறைப்பு இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. கூப்பிடுவது மட்டும்தான் இல்லை.

தங்கை இதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "என்னன்னு வேணா கூப்பிடட்டும் அக்கா. பேரச் சொன்னாக்கூடப் போதும்."

(சோகம் கூடிப்போச்சு என்று இந்த வரியை இரண்டு தடவை அடித்தேன். அவள் சொன்னது அதுதான், நான் என்ன செய்ய?)

4

விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் வேனில் கடலோரமாகவே போய், இருட்டுகிற இடத்தில் டென்ட் அடித்துத் தூங்குவதாகத் திட்டம். மாப்பிள்ளை டென்டை மறக்காமல் எடுத்துவைத்தார், அதைத் தரையில் அடிக்கும் ஆணிகளை வீட்டிலேயே விட்டுவிட்டார். வேன் கதவுகளில் கயிறு கட்டிச் சமாளித்தோம். விடியும்வரை ஒருவராலும் கதவைத் திறக்கமுடியவில்லை, தண்ணீர் பாட்டில் உள்ளே.

பயணமே பவளப்பாறைக்காகத்தான். வாயாடிக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் நிற்பவர் முகமே கலங்கும், தண்ணீருக்குள் முகத்தில் மாட்டும் மாஸ்க்குக்குள் கண்ணாடியும் போடமுடியாது. அதனால் தங்கை ஒரு மாஸ்க் வாங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு, அவளுடைய பவரில் இரண்டு லென்ஸ்களை உள்பக்கம் ஒட்டினாள். கடையில் வைத்தால் பள்ளி விட்டு நேரே அங்கே வருபவள் பார்த்துவிடுவாளாம். சாப்பாட்டு மேசையில் வைத்து ஒட்டினாள்.

அங்கேதான் பிசகியது. வாயாடிக்கு வலது கண்ணில் பவர் கொஞ்சம், இடது கண்ணில் ரொம்ப. கடையில் ஃப்ரேம் எப்போதும் போட்டுக்கொள்கிற திசையில்தான் மேசைமேல் கிடக்கும், கை தானாகச் செய்யும். இங்கே அவள் மாஸ்க்கைச் சொம்பில் சாய்த்து, தன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தாள். உள்ளே பிள்ளையின் முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒட்டினாளாம். எதிரே இருப்பவருடைய வலது கண் நமக்கு இடப்பக்கம் வரும் என்பது ஒரு கண்ணாடிக்காரிக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டது.

[அன்பு கண்ணை மறைத்தது என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கே கூச்சமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.]

5

படகு பாறைகளுக்கு மேலே நின்றது. எந்த இன்ஜினைப் பார்த்தாலும் மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. படகுக்காரரோடு சேர்ந்து அதைப் பிரிக்கப் போய்விட்டார். தங்கையும் வாயாடியும் தண்ணீரில் இறங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாயாடி ஏணியில் ஏறி வந்தாள். மாஸ்க்கைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிக் கண்ணருகே பிடித்து என்னைப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. மறுபடி நேராகத் திருப்பினாள்.

"பெரியம்மா, வலது இடது மாறிப்போச்சு."

நான் தங்கையைக் கூப்பிட வாயெடுத்தேன். என் கையைப் பிடித்துவிட்டாள். "சொல்லிடாதீங்க. அவங்க எவ்ளோ ஆசையா செஞ்சிருக்காங்க."

அதற்குள் தங்கை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, தெரிகிறதா என்று கேட்டாள். வாயாடி அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. "சூப்பரா தெரியுது!"

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். பிறகு நான் பார்த்ததெல்லாம் தண்ணீர்மேல் இரண்டு முதுகுகளையும் இரண்டு குழாய்களையும்தான். நடுவில் கோத்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தேன்.

6

அன்று சாயங்காலம் வெயிலில் தலைவலி என்று சொல்லி வாயாடி டென்டுக்குள் படுத்துவிட்டாள். தங்கை அடுப்பைப் பற்றவைக்க மறந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என் கையப் பிடிச்சா அக்கா. ஏறுற வரைக்கும் விடவே இல்ல."

கண் தெரியாமல் பிடித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது? தங்கையின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. சொல்லவில்லை.

7

வாசகரே, முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் இரண்டு இருக்கின்றன.

முடிவு ஒன்று: தங்கை இதை வாசிக்கிறாள். மாஸ்க்கைச் சரிசெய்கிறாள். அடுத்த பயணத்தில் பிள்ளைக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, கையைப் பிடிக்கத் தேவையில்லை, தனியாக நீந்திப் போகிறாள். தங்கை பின்னாலேயே

[வேண்டாம். பேனாவை மூடிவிட்டேன்.]

முடிவு இரண்டு: நான் இதைக் கிழித்துப்போடுகிறேன். தங்கை சந்தோஷமாக இருக்கிறாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளை தலைவலியோடு படுக்கிறாள். இதுவும் ஒரு முடிவா?

ஒன்றும் ஓடாமல், ரகசியத்துக்குச் சொந்தக்காரியிடமே கேட்டுவிடலாம் என்று தங்கை கடைக்குப் போனேன். வாயாடியை முன்பக்கம் உட்காரவைத்து இதுவரை உள்ள பக்கங்களைக் கொடுத்தேன்.

8

நிதானமாக வாசித்தாள். ஆறாம் பகுதியில் நிறுத்தினாள்.

"இது தப்பு பெரியம்மா."

எது என்றேன்.

"கண்ணு தெரியாம பிடிச்சது முதல் கொஞ்ச நேரந்தான். அப்புறம் இடது கண்ண மூடிக்கிட்டேன். பவர் கூடின லென்ஸ்தான், வலது கண்ணு சமாளிச்சுக்கிச்சு. எல்லாம் தெரிஞ்சுது, மீனோட கோடுகூட."

அப்புறம் ஏன் கையை விடவில்லை என்று கேட்கவில்லை. எழுதுகிறவளுக்கும் கொஞ்சம் இங்கிதம் வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறாம் பகுதியை அடித்துத் திருத்தட்டுமா என்றேன்.

"வேணாம், இருக்கட்டும். கீழ நான் சொன்னத எழுதுங்க. நானே குடுக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். (நீங்கள் இப்போது வாசித்தது அதைத்தான்.) தாள்களை ஒரு கையிலும் கடை அலமாரியில் கிடந்த மாஸ்க்கை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு பின்னறை வாசலுக்குப் போனாள்.

என் தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, விரல்களுக்கு நடுவில் யாருடைய லென்ஸோ. எதிரில் போய் நிற்கச் சுவர் இடம் விடவில்லை. தொடவும் கூடாது.

வாயாடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த ஃப்ரேம்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தேன்.

கூப்பிட்டாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று நான் எழுதமாட்டேன், அது என்னுடைய சொல் இல்லை. நீங்கள் உங்கள் வீட்டில் முதுகைக் காட்டி அடுப்படியில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சக்கரம் நின்றது.