மாரியம்மாவுக்கு முன் சீட்டு

என் வீட்டுக்காரர் குணாளனுக்கு அடுத்தவர் விஷயத்தில் தலையிடாவிட்டால் சோறு இறங்காது. மலேசியாவில் லிங்கிப் பக்கம், பாமாயில் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், பக்கத்து வீட்டு சுமியாத்தியின் நான்கு வயது மகள் நூருக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. "அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகக் கூடாது" என்று சொல்லி, அவர்கள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார். இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வேலைக்கு வந்த முஸ்லிம் குடும்பம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

சுமியாத்தியும் மறுக்கவில்லை. அவளுடைய வேலை பெர்மிட் காலாவதியாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்திருந்தவளுக்கு, போகாதே என்று ஒருவர் சொன்னது நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

ஞாயிறு காலை காய்ச்சல் விட்டது. "பாத்தியா, அம்மா மனசு எறங்கிட்டா" என்றார் இவர். பிள்ளையோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தது. கைகால் சில்லிட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து வந்து தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் மதுமிதா அன்று வந்திருந்தார். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "டெங்கி மாதிரி இருக்கு ஆண்ட்டி. காய்ச்சல் எறங்குற நேரந்தான் ஆபத்து. இப்பவே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

இவர் வாசலை மறித்தார். "தலைக்குத் தண்ணி ஊத்தாம பிள்ள வாசல் தாண்டக் கூடாது லா. சாமி குத்தமாயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டாக்டர் கோபப்படவே இல்லை. "அப்ப அம்மாவும் கூட வரட்டும் அங்கிள். அந்த வேப்பிலைய எடுத்து என் கார்ல முன் சீட்டுல வைங்க" என்றார். இவர் வேப்பிலையை எடுத்துப் பயபக்தியோடு வைத்துவிட்டு வழிவிட்டார்.

"பெர்மிட் இல்ல, என்னைப் பிடிச்சிருவாங்க" என்று சுமியாத்தி மலாயில் அழுதாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலாயிலேயே சொன்னார்: "நான் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். யார் என்ன கேட்டாலும் என்கிட்ட கேக்கட்டும்."

சொன்னதைச் செய்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்று வார்டில் சொல்லும்வரை அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காதாம். தெய்வம் மனுஷ ரூபத்தில் வரும் என்பார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் குவிகிறது.

அடுத்த மாதம் டாக்டர் வந்தபோது, சுமியாத்தி நூரை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். அவள் பின்னால் மற்ற இந்தோனேசியத் தாய்மார்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு வந்தார்கள். இத்தனை பிள்ளைகள் எங்கள் தோட்டத்தில் இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது.