வரப்புக்கு அந்தப் பக்கம்

பிடித்து இழுத்ததும் புதினாச் செடி கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் கறுத்துப்போன நார்தான் மிச்சம். மூத்தவள் அதை வீசிவிட்டு அடுத்ததை இழுத்தாள்; அதுவும் அப்படியே. வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் புதினா கொழுகொழுவென்று நின்றது. இரண்டுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். அண்ணன் தம்பி சண்டையில் நிலத்துக்கு நடுவே வரப்பு விழுந்ததிலிருந்து ஓரகத்திகளுக்குள் பேச்சில்லை. இளையவள்தான் எதையோ தெளித்துவிட்டாள் என்று மூத்தவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த பெண் இரண்டு பக்கத்து மண்ணையும் தண்ணீரில் கரைத்து, பேனா மாதிரி ஒரு கருவியை முக்கிப் பார்த்தாள்.

"யாரும் எதுவும் தெளிக்கலம்மா. உங்க மண்ணுல அமிலம் ஏறிப்போச்சு. வருஷா வருஷம் ஒரே உரத்தக் கொட்டியிருக்கீங்க. செடிக்குச் சத்து ஏறல, வேர் தெம்பா இல்ல. அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாப் போச்சு."

"அவளும் அதே உரந்தானே போடறா?"

"போடலாம். ஆனா அந்த மண்ணுல சுண்ணாம்பு நல்லா கலந்திருக்கு. அது அமிலத்த அடக்கிடுச்சு."

பாகம் பிரித்த கையோடு பழைய வீட்டின் பின்சுவரை இடித்தபோது, உதிர்ந்த சுண்ணாம்புக் காரையை வண்டி வண்டியாக இளையவள் நிலத்தில் கொட்டச் சொன்னது மூத்தவள்தான். அதில் ஒரு புல்கூட முளைக்கக் கூடாது என்று வாயாரச் சபித்தும் இருந்தாள். இளையவள் கல்லை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, தூளை அள்ள முடியாமல் அப்படியே சேர்த்து உழுதுவிட்டாள்.

அழுகியதையெல்லாம் பிடுங்கிவிட்டு, சுண்ணாம்புத் தூள் போட்டு, நோயில்லாத தண்டாகப் பார்த்து நடச் சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். நோயில்லாத தண்டு அக்கம்பக்கத்தில் ஓர் இடத்தில்தான் இருந்தது.

சுண்ணாம்பு போட்டு மண் ஆறிய பிறகு, ஒரு காலையில் மூத்தவள் கூடையோடு வரப்பில் போய் நின்றாள். இளையவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் காரைய நாந்தான் கொட்டச் சொன்னேன்."

"தெரியும்க்கா. வண்டிக்காரரு அன்னிக்கே சொல்லிட்டாரு. உங்களத் திட்டிக்கிட்டேதான் உழுதேன். செடி வந்த அழகப் பாத்துட்டுத்தான் திட்டறத விட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இளையவள் குனிந்து தண்டுகளை வெட்ட ஆரம்பித்தாள். புதினா வாசனை குப்பென்று எழுந்தது. கூடை நிரம்பியும் அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. போதும் என்று மூத்தவளும் சொல்லவில்லை.