தலைப்பில் இடமில்லாத எலி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். நேரில் வாயே திறக்காதவள், அங்கே மட்டும் யார் எதை அனுப்பினாலும் "ஆதாரம் எங்கே?" என்று மடக்கிவிடுவாள். அதிகம் அடிபட்டவர் சித்தப்பா. அவர் அனுப்பிய காந்தப் படுக்கையையும் நிலவொளித் தண்ணீரையும் நார்நாராகக் கிழித்திருக்கிறாள்.

ஒருநாள் அவள் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சித்தப்பா, கண்ணு தெரியலையா?"

"கண் அழுத்தத்துக்குப் போடுற சொட்டு மருந்த நிறுத்திட்டாரு," என்றாள் சித்தி அடுப்படியிலிருந்து. "கேட்டா, புதுசு வருதாம்."

"பழசு எரியுதுடி. நரம்பையே சரி பண்ற மருந்து வரப்போகுது, கொஞ்சம் பொறுத்தா என்ன?" சித்தப்பா போனை மூக்கருகே வைத்துத் தேடி, அவளிடம் நீட்டினார்.

'இழந்த பார்வையை மீட்கும் சொட்டு மருந்து: விஞ்ஞானிகள் சாதனை.'

அவள் வேலை பார்க்கும் பத்திரிகையில் வந்த செய்தி. அது அவள் வைத்த தலைப்பு. ஆய்வுக் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டு, 'எலிகளுக்கு' என்றுதான் தொடங்கியிருந்தாள். தலைப்பு இரண்டு வரியைத் தாண்டி ஓடியது. "எலியத் தூக்கிடும்மா, எவன் படிப்பான்?" என்றார் ஆசிரியர். எதிர்த்துப் பேச நா எழவில்லை. தூக்கிவிட்டாள். எலி கடைசிப் பத்தியில் போய் ஒளிந்துகொண்டது.

"இத ஏன் என்கிட்ட கேக்கல?"

"உங்க பத்திரிகைல வந்ததாச்சே. உன் கண்ணுல படாமயா வந்திருக்கும்? அதான் கேக்கல."

அவள் தரையைப் பார்த்தாள். "எலிக்குத்தான் போட்டுப் பாத்திருக்காங்க சித்தப்பா. மனுஷங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்ப நிறுத்தினா, போற பார்வை திரும்பி வராது."

சித்தி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "எலிக்குன்னு போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! எந்தப் புண்ணியவான் எழுதினான்?"

"நான்தான் சித்தி."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. சித்தி நகரவில்லை.

சித்தப்பாதான் கேட்டார். "சரி, அந்த எலிக்காவது கண்ணு தெரியுதா ஜட்ஜம்மா?"

"சிலதுக்கு."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய், பழைய மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து, எரியும் என்று தெரிந்தும் இமையை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"அசையாதீங்க சித்தப்பா," என்றாள்.

அவர் அசையவே இல்லை.