ஊற்றுக்கு மேலே இருந்த மரங்கள்

ஒரகடத்தில் எங்கள் மர டிப்போவுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து கண்டெய்னர் வந்தாலே நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஒவ்வொரு கட்டையிலும் ஜே.கே. என்று முத்திரை இருக்கும். ஜெபக்குமார். நான்தான்.

அந்த மரங்கள் வரும் கினி மலைக்கு நான் முதலில் போனது 2021-ல். வெட்டப்போகும் மரத்தை அளந்து, என் எழுத்துப் பொறித்த சுத்தியலால் அடிமரத்தில் ஓங்கி அடிப்பது வேலை. முத்திரை விழாத மரத்தை யாரும் தொடக்கூடாது. மலையடியில் இருந்த கோலோமா கிராமத்தாருக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் குடிக்கும் ஊற்றுக்கு மேலே இருக்கும் மரங்களில் என் சுத்தியல் படாது.

அந்த வருடமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடித்துப் பிடித்து விமானம் ஏறினேன். கிளம்பும்போது சுத்தியலை என் உதவியாள் சேகூவின் கையில் கொடுத்தேன். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனியில் ஏழு வருடம் லைனில் நின்றவன் நான். ஷிப்ட் முடிந்தால் டூலை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நகர்வோம். அந்தப் புத்தி. ஆற்றில் வீசியிருக்க வேண்டும், மடையன்.

ஆறு மாதம் கழித்து அங்கே மரம் வெட்டும் காண்ட்ராக்டர் போன் செய்தான். சேகூ சுத்தியலைத் தர மறுக்கிறானாம். டிப்போ சூப்பர்வைசர் ரத்தினம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா யோசிச்சினு கீற? குடுக்கச் சொல்லு. லோடு நிக்குது."

காண்ட்ராக்டர் போனைச் சேகூவிடம் கொடுத்தான். சேகூவுக்கு ஆங்கிலம் தெரியும். "ஊற்று மரங்கள்?" என்று கேட்டான். "கொடுத்துவிடு" என்றேன். என் பேச்சுக்காகக் கொடுத்தான்.

இந்த வருடம் சரக்குப் பார்க்க மறுபடி என்னையே அனுப்பினார்கள். வழியெல்லாம் டயர் எரிந்துகொண்டிருந்தது. மூன்று இடத்தில் ராணுவத்தார் துப்பாக்கியை நீட்டிச் சோதனை போட்டார்கள். மலையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மொட்டை. ஊற்று இருந்த இடத்தில் வெடித்த சேறு. சுற்றிலும் அடிக்கட்டைகள், எல்லாவற்றிலும் ஜே.கே.

சேகூ ஊரில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஊற்றை விற்றுவிட்டான் என்று அடித்து விரட்டியிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் லைபீரியாவில் கிடந்தான். திரும்பி வந்தால் வெட்டிப் போடுவோம் என்றது ஊர். அவன் மனைவி ஆயிஸத்தா என் கையைப் பிடித்து ஊர்க்கூட்டத்தின் நடுவே நிறுத்தினாள். அவள் கேட்டதைப் பள்ளிக்கூட வாத்தியார் ஆங்கிலத்தில் சொன்னார்.

"சுத்தியலைக் கொடுக்கச் சொன்னது யார்?"

நான்தான் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் சேகூ வீடு திரும்பலாம். காண்ட்ராக்டர் என் தோளை உரசிக்கொண்டு நின்றான். அங்கே இருந்த ஒரே ஜீப் அவனுடையது. எதிரே நூறு பேர் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். பயம், வேறொன்றும் இல்லை. ஆயிஸத்தா என் கையை விட்டுவிட்டாள்.

குன்றத்தூர் வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சேகூ கூப்பிட்டான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி சில்வியாவுக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்துப் பேசேன். இன்னாத்துக்கு முழிச்சினு கீற?"

எடுத்தேன்.

"ஊருக்குப் போனாயாமே, எல்லை தாண்டி வந்த லாரிக்காரன் சொன்னான். அவர்களிடம் சொன்னாயா? நான் வீட்டுக்குப் போகலாமா?"

நான் சொல்லியிருப்பேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குரலிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். பிள்ளைகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறதாம். விடியற்காலையில் கிளம்பினால் இரண்டு நாள் நடை என்றான். கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மறுநாள் சாயங்காலம்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. டிப்போ வாசலில் நின்று விடாமல் அழைத்தேன். லைன் போகவில்லை. அவன் காலையிலேயே கிளம்பியிருப்பான். ஊருக்குப் போகும் அந்த மலைப்பாதையில் சிக்னல் கிடையாது. நானே நடந்த பாதைதான்.